நெடுஞ்சாலைக் கடையும் பக்கத்து வீடும்

பெட்ரோல் பங்க், நெடுஞ்சாலை மோட்டல், கார் கழுவும் நிலையம், காரில் இருந்தபடியே பொட்டலம் வாங்கிச் செல்லும் டிரைவ் த்ரூ உணவகம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வெளியூர்க்காரர், இரைச்சல், புகை, இரவு முழுக்க எரியும் விளக்கு, வாசலில் திரும்பும் லாரி எல்லாம் உள்ளூர்க்காரருக்கு. இந்த வியாபாரம் வண்டிகளை நம்பி நடப்பதால் சாலையோரத்தைத்தான் தேடும். தமிழ்நாட்டு ஊர்களும் சாலையோரமாகவே நீண்டு வளர்ந்தவை. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்போது எது எங்கே இருக்கலாம் என்று முன்கூட்டியே வகுத்து வைப்பதுதான் நில உபயோகத் திட்டமிடல்.

பெரம்பலூருக்கு வடக்கே சென்னை–திருச்சி சாலையை ஒட்டி இருக்கும் வாலிகண்டபுரம் இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ள வசதியான இடம். வாலீஸ்வரர் கோவிலால் அறியப்பட்ட பழைய ஊர் அது. முன்பு என்.எச். 45 எனப்பட்டு இப்போது என்.எச். 38 என்று எண் மாறிய அந்தச் சாலை, நான்கு வழியானபோது அதன் ஓரத்து வணிகத்தின் தன்மையும் மாறியது. இருவழிச் சாலையில் ஒரு டீக்கடை இரு பக்கத்து வண்டிகளையும் இழுக்கும். நடுவில் தடுப்பு வந்துவிட்டால் சென்னை போகிறவர் வேறு, திருச்சி போகிறவர் வேறு. ஒரு பங்க் இருந்த நீளத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தேவைப்படுகின்றன, மோட்டல்களுக்கும் அப்படியே. சாலை அகலமாவதால் மட்டுமே வண்டிக்கான வணிகம் கேட்கும் நிலம் இரட்டிப்பாகிறது என்பது பலர் கவனிக்காத விஷயம்.

டிரைவ் த்ரூ பிறந்து வளர்ந்த அமெரிக்காவில் இதை நகராட்சியே தீர்மானிக்கிறது. மெக்டொனால்ட்ஸ் தன் முதல் டிரைவ் த்ரூவை 1975இல் அரிசோனா மாநிலத்தில் திறந்தது. அதற்கு முன்பே வேறு நிறுவனங்கள் அந்த முறையில் விற்றன. வீடுகளுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடை வருவதென்றால் பொதுவாகத் திட்டக் குழு முன் விசாரணை நடக்கும். வரிசையில் எத்தனை கார் நிற்க இடம் இருக்கிறது, ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது, இரவு எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்றெல்லாம் அங்கே பேரம் நடக்கும். மினியாபொலிஸ் நகரம் 2019இல் புதிய டிரைவ் த்ரூக்களையே தடை செய்தது. ஏற்கெனவே இருந்தவற்றை விட்டுவைத்தது. அங்கே கோபப்படுவதற்கு ஒரே ஒரு மன்றம் இருக்கிறது. இங்கே அது இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி ஒரு பகுதிக்கு முழுமைத் திட்டம் வகுக்கப்பட்டால் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் விழுந்துவிடும். எந்த நிறத்தில் என்ன கட்டலாம் என்பதை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. ஆனால் முழுமைத் திட்டம் மாநிலப் பரப்பின் சிறு பகுதிக்குத்தான் இருக்கிறது. மற்ற கிராமங்களில் விவசாய நிலத்தில் கடை கட்ட விரும்புகிறவர் 2017இல் வந்த நில உபயோக மாற்ற விதிகளின்படி விண்ணப்பிக்கிறார். நன்செய் என்றால் கேள்விகள் கூடும். அந்தக் கேள்விகள் பயிரைப் பற்றியவை. பக்கத்து வீட்டின் தூக்கத்தைப் பற்றியவை அல்ல.

கிராமத்தில் வீடுகள் இருக்கும் இடம் வருவாய்க் கணக்கில் நத்தம் என்று இருக்கும். நத்தம் என்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. திட்டமிடல் சட்டத்தின் குடியிருப்பு மண்டலம் வேறு. நூறு வருடமாகக் குடியிருக்கும் தெருவும் திட்ட வரைபடம் இல்லாத ஊரில் ‘அறிவிக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி’ ஆகாமல் போக இடமிருக்கிறது. இந்த வேறுபாடு பங்க் விவகாரத்தில் பெரிதாகிறது.

நெடுஞ்சாலையில் புதிய பங்க் வருவது எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரத்தில் தொடங்குகிறது. இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் இடையே, சாலையின் இன்ன பக்கத்தில் என்று அதில் இடம் குறிக்கப்பட்டிருக்கும். தேர்வானவர் நிலத்தைக் காட்ட வேண்டும். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் விதிகளும் மாவட்ட நிர்வாகத்தின் தடையில்லாச் சான்றைக் கேட்கின்றன. அதற்காகக் காவல், தீயணைப்பு, வருவாய், நெடுஞ்சாலை, உள்ளாட்சி என்று பல இடங்களிலிருந்து அறிக்கைகள் வரும். பிறகு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம். தேசிய நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்ப மத்திய நெடுஞ்சாலை அமைச்சகத்தின் அணுகு அனுமதி தனி. கட்டடத்துக்கு நகர் ஊரமைப்புத் துறையும் ஊராட்சியும். ஒவ்வொரு அலுவலகமும் தன் அளவுநாடாவோடு வருகிறது. தீயணைப்புத் துறை தீயை அளக்கிறது. நெடுஞ்சாலைத் துறை வண்டி திரும்பும் இடத்தை அளக்கிறது. பக்கத்துத் தெருவுக்கு இது பொருந்துமா என்று முழுதாகக் கேட்கும் அலுவலகம் எது என்று தேடினால், மாவட்ட ஆட்சியரின் மேசை ஒன்றுதான் அதற்கு ஓரளவு பக்கத்தில் வரும்.

வீடுகளுக்கான தூரம் நேரடியாக எழுத்தில் வந்தது தாமதமாகத்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நடந்த ஒரு வழக்கை அடுத்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பள்ளி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள மருத்துவமனை, உள்ளூர்ச் சட்டப்படி குறிக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து புதிய பங்க் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் குறைக்கலாம். எப்படியும் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. தூரம் அளக்கப்படுவது மதில் சுவரிலிருந்து அல்ல. எரிபொருள் நிரப்பும் கருவி, லாரி இறக்கும் குழாய்வாய், ஆவிபோக்கிக் குழாய் ஆகியவற்றில் எது வீட்டுக்கு அருகில் இருக்கிறதோ அதிலிருந்து. காரணம் எளிது. டேங்குக்குள் பெட்ரோல் இறங்க இறங்க, அங்கிருந்த ஆவி வெளியே தள்ளப்படுகிறது. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது.

விதியில் முள் இருக்கும் இடம் ‘உள்ளூர்ச் சட்டப்படி குறிக்கப்பட்ட’ என்ற சொற்கள். திட்ட வரைபடம் உள்ள நகரத்துப் பிளாட்டுக்கு அது கவசம். வரைபடமே இல்லாத கிராமத்து நத்தத்துக்கு அது கிடைக்குமா என்பது வாதாடி நிலைநாட்ட வேண்டிய விஷயமாகிவிடுகிறது. விதி ஒருவழிப் பாதையும்கூட: வீட்டுக்கு அருகே புதிய பங்க் வருவதைத்தான் தடுக்கிறது. இருக்கிற பங்க்குக்குப் பக்கத்தில் மனை பிரித்துக் கொடி நட்டு விற்பதை அது தொடுவதில்லை.

வாலிகண்டபுரத்தை ஒட்டிப் போகும் அதே சென்னை–திருச்சி சாலையில் ரஞ்சன்குடி கோட்டை இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதால் அதைச் சுற்றி 100 மீட்டரில் புதிய கட்டுமானம் கூடாது; அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஆளில்லாத கோட்டைக்கு 300 மீட்டர், ஆள் வாழும் தெருவுக்கு 50 என்று ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் கோட்டையின் எல்லை தெளிவாக அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பலம்.

நெடுஞ்சாலைக்கும் தன் எல்லைக்கோடுகள் உண்டு. திறந்தவெளிப் பகுதியில் சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடம் கூடாது, 75 மீட்டர் வரை கட்டுப்பாடு என்பது பொது நெறி. இது சாலையைக் காப்பாற்ற வந்தது. ஒலிக்கு 2000ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45, வணிகப் பகுதியில் 65, 55. அங்கேயும் பகுதி எது என்பதுதான் முதல் கேள்வி.

ஒரே ஒரு தூரத்தை மட்டும் பார்த்து விதி போட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2017இல் பார்த்தது. நெடுஞ்சாலை மதுக்கடைகளுக்கு எதிராக வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது. கடை சாலையிலிருந்து கண்ணில் படவும் கூடாது. குடித்துவிட்டு ஓட்டுவதால் நேரும் சாவுகளே காரணம். 2017 மார்ச் 31 அன்று நீதிமன்றம், 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிகளில் தூரத்தை 220 மீட்டராகக் குறைத்தது. வாலிகண்டபுரம் போன்ற ஊராட்சிகள் இந்த வகையில் வருபவை.

ஏப்ரல் முதல் நாள் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மொத்தத்தில் பாதிக்கும் மேல். சாலையோரத்தில் இடம் இல்லை என்றதும் கடைகளுக்கு மாற்று இடம் ஊருக்குள் தேடப்பட்டது. நெடுஞ்சாலையிலிருந்து 220 அல்லது 500 மீட்டர் உள்ளே போனால் பெரும்பாலான ஊர்களில் வருவது வீடுகளும் வயல்களும்தான். 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள் கோவிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் நகரங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரம் கேட்கின்றன. வீட்டிலிருந்து எதுவும் கேட்கவில்லை. பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கடைக்கென்று எடுத்த கட்டடங்களின் முன் உட்கார்ந்தார்கள், சில இடங்களில் உடைக்கவும் செய்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணை ஒரு காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது. மே தின கிராம சபைகளில் டாஸ்மாக் வேண்டாம் என்ற தீர்மானங்கள் குவிந்தன. நகர எல்லைக்குள் ஓடும் மாநிலச் சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றித் தூரக் கணக்கிலிருந்து தப்பும் முயற்சியும் நடந்து, அது உயர் நீதிமன்றம் போனது. 2017 ஜூலையில் சண்டிகர் தொடர்பான ஒரு வழக்கில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளை இந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கியது. நகரங்களுக்கு மூச்சு வந்தது. ஊராட்சிகளுக்கு அப்போதைக்கு விதி அப்படியே நின்றது.

விபத்தைக் குறைப்பது என்ற நோக்கத்தில் குறை காண முடியாது. அதற்கான கருவி சாலையை மட்டும் பார்த்தது. சாலையிலிருந்து விரட்டப்பட்ட கடை எங்கே போய் உட்காரும் என்பதைச் சொல்ல ஊருக்கு ஒரு வரைபடம் இருந்திருக்க வேண்டும். பங்க் விதி வீட்டைப் பார்க்கிறது, ஆனால் அது வீடுதான் என்று நிரூபிக்க அதே வரைபடத்தைக் கேட்கிறது.

வரைபடம் இல்லாத ஊரில் மிஞ்சுவது ஆட்சேப மனு. தடையில்லாச் சான்று கேட்டு விண்ணப்பம் வந்தால் மாவட்ட நிர்வாகம் மூன்று மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று பெட்ரோலிய விதிகள் சொல்கின்றன. நிலத்தில் இன்னும் ஒரு கல் வைக்கப்படாத அந்த மூன்று மாதத்தில் கொடுக்கும் மனு, கடை திறந்தபின் கொடுக்கும் பத்து மனுக்களை விட எடை கூடியது. சர்வே எண், நத்தம் பட்டா நகல், கருவிகள் வரவிருக்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு அளந்த தூரம் ஆகியவை அதில் இருந்தால் அதிகாரி தன் குறிப்பில் பதில் எழுதியாக வேண்டியிருக்கும். கிராம சபையை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட்ட வேண்டும். அங்கே நிறைவேறும் தீர்மானம் தானாக அனுமதியை ரத்து செய்யாது. வழக்கு வந்தால் ஊரின் எதிர்ப்பு எப்போது பதிவானது என்பதற்கு அது ஆவணம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும்.