பெயர் மறந்தது, பயம் மறக்கவில்லை

சின்ன வயதில் பார்த்துப் பயந்த ஒரு படம் பலருக்கும் நினைவிருக்கும். அது எந்தப் புத்தகம் என்று கேட்டால்தான் பதில் வராது. பெங்களூரு நீலசந்திராவில் ஒரு தமிழ் வீட்டில் வளர்ந்து, இன்று ஐம்பதைத் தாண்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் பிணம், கையில் வாள், நள்ளிரவில் சுடுகாட்டு வழியே நடக்கும் ராஜா. அவரிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். அட்டைப்படம் நினைவில்லை, எழுதியவர் பெயர் தெரியாது, அது புத்தகமா பத்திரிகையா என்பதே குழப்பம்.

இந்தப் படத்துக்கு விடை இருக்கிறது. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' மாத இதழில் வந்த விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளுக்கு ஓவியர் சங்கர் வரைந்தது அது. கே.சி. சிவசங்கரன் என்பது அவர் முழுப்பெயர். 2020-இல் மறைந்த அவருக்கு அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஓவியர் பெயரையும் இதழின் பெயரையும் கைவிட்ட மூளை, அந்தப் பிணத்தை மட்டும் பத்திரமாக வைத்திருப்பது ஏன்?

மூளையின் பக்கவாட்டில், உள்ளே பொதிந்து, பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. பயம் வந்ததும் அது விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் குடும்பத்து ரசாயனங்கள் சுரக்க, 'இதை மறக்காதே' என்ற கட்டளை நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸுக்குப் போகிறது. 1994-இல் அமெரிக்காவில் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா குழுவினர் இதைப் படக்கதை ஒன்றை வைத்தே சோதித்தார்கள். கதையின் நடுவில் ஒரு சிறுவன் விபத்தில் சிக்குகிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அந்தக் கோரமான பகுதிதான் நன்றாக நினைவிருந்தது. அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை முன்கூட்டியே விழுங்கியவர்களுக்கோ அந்தப் பகுதி தனித்து நிற்கவில்லை.

பெங்களூரிலேயே நடந்த ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு, எலிகளை ஒரே ஒரு முறை இரண்டு மணி நேரம் அசையவிடாமல் வைத்தது. மறுநாள் அமிக்டலாவில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால், அங்கிருந்த நரம்பு செல்களில் இணைப்புக்கான நுண்முட்கள் பெருகியிருந்தன. எலிகளின் பதற்றமும் கூடியிருந்தது. 2005-இல் வெளியான முடிவு இது. எலிக்கு நேர்ந்தது அப்படியே குழந்தைக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதிர்ச்சி முடிந்த பிறகும் அதன் தடம் வளரக்கூடும் என்பது பெரிய செய்தி.

இந்தக் கூர்மைக்கு ஒரு விலை உண்டு. பயமுறுத்தும் பொருளில் கண் குத்திட்டு நிற்கும்போது சுற்றியிருப்பது கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. பிணம் பதிகிறது, பக்க எண் பதிவதில்லை. எங்கே, எப்போது பார்த்தோம் என்று சேர்த்துக் கட்டிவைக்கும் ஹிப்போகாம்பஸும் சிறு வயதில் முழு வளர்ச்சி அடைந்திருக்காது.

விடுபட்ட இடங்களை மூளை தானே நிரப்பிக்கொள்ளவும் செய்யும். கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் பேய்க்கதை ஒன்றை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள் விட்டுத் திரும்பச் சொல்லவைத்தார். கதையில் கடல்நாய் (சீல்) வேட்டைக்குப் போனவர்கள் மாணவர்கள் வாயில் மீன் பிடிக்கப் போனார்கள். புரியாத பேய்கள் மெல்லக் காணாமல் போயின. யாரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குப் பழகிய உலகத்துக்கு ஏற்றபடி கதையைத் திருத்திக்கொண்டார்கள். 1932-இல் அவர் எழுதிய நூல், நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று காட்டியது.

அதனால்தான் பழைய புத்தகத்தை வர்ணித்துத் தேடினால் பெரும்பாலும் தடம் தவறுகிறது. கண்ணால் தேடுவது மேல். 1973-இல் லயனல் ஸ்டாண்டிங் 10,000 படங்களைச் சில நாட்களில் காட்டிவிட்டு, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து எது பார்த்தது என்று கேட்டார். நூற்றுக்கு 80-க்கு மேல் சரியான பதில் வந்தது. வர்ணிக்கத் தடுமாறும் மூளை, எதிரே வந்ததை அடையாளம் காண்பதில் அசாத்தியத் திறமை காட்டுகிறது.

ஆகவே, முதலில் உங்களுக்கு நினைவிருப்பதை, அடுத்தவரிடம் கேட்பதற்கு முன்பே, எழுதி வையுங்கள். கேட்டபின் அவர் சொன்னதும் உங்கள் நினைவாகிவிடும். பிறகு உங்கள் சின்ன வயதில் வந்த இதழ்களைப் புரட்டுங்கள். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். நீலசந்திராக்காரருக்கு அல்சூர் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. சென்னையில் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதியை 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெறுகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் உருவான ஆராய்ச்சி நூலகமும் சென்னையில்தான் உள்ளது.

ஆனால் புரட்டிப் பார்க்கப் பக்கம் இருந்தால்தானே அடையாளம் காண முடியும்? சிறுவர் இதழ்களைப் பெரியவர்கள் பொருட்படுத்துவதில்லை. எடைக்குப் போடும் கட்டில் முதலில் சேர்வது அவைதான். உங்கள் பரணில் பைண்டு செய்த தொகுப்பு ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நூலகத்தைக் கேளுங்கள். முகம் தெரியாத ஒருவர் பல வருடமாகத் தேடும் படம் அதில் இருக்கலாம்.