“வருந்துகிறோம்” என்று கடிதம் வந்தால் வருந்தி உட்காராதீர்கள்!

“தங்கள் புகாரைப் பரிசீலித்தோம். பாலிஸியை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தர இயலாமைக்கு வருந்துகிறோம்.”

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து இப்படி இரண்டு வரி வந்ததும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கடிதத்தை மடித்துப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, “போனது போச்சு, நம்ம தலையெழுத்து” என்று ஒரு பெருமூச்சு விடுகிறோம். வீட்டுக்காரரிடம் சொன்னால், “உன்னை யார் கையெழுத்துப் போடச் சொன்னது?” என்ற கேள்வி வருமே என்று பயம் வேறு!

சகோதரிகளே, அந்தக் கடிதம் தீர்ப்பு அல்ல. எதிர்த் தரப்பு கொடுத்த பதில், அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்பதற்கு இடம் இருக்கிறது. காசு செலவில்லை, வக்கீல் வேண்டாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்து வைத்தால், அந்தக் கெடு ஓடிப்போவதுதான் மிச்சம்.

தலையில் கட்டும் விதம்

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு இல்லத்தரசியின் மூன்று லட்ச ரூபாய் டெபாசிட் முதிர்வடைகிறது. புதுப்பிக்க பாங்குக்குப் போகிறாள். “அக்கா, டெபாசிட்டில் என்ன வட்டி வருது? இது புது ஸ்கீம். ஒரு தடவை போட்டா போதும், அஞ்சு வருஷத்தில டபுள்” என்கிறார் அங்கே இருப்பவர். பழகிய முகம். பென்சிலில் புள்ளி வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறாள். அடுத்த வருடம் செல்போனில் செய்தி வருகிறது: “உங்கள் பிரீமியம் ரூ. 3 லட்சம் செலுத்த வேண்டிய நாள் நெருங்குகிறது.” அப்போதுதான் தெரிகிறது, அது டெபாசிட் இல்லை; பத்து வருடம் கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸ் பாலிஸி என்று!

கம்பெனிக்கு எழுதுகிறாள். “வருந்துகிறோம்” என்று பதில் வருகிறது. இனி என்ன செய்வது?

கம்பெனி சொல்லும் மூன்று காரணங்கள்

முதலில் கடிதத்தை நிதானமாக இரண்டு தடவை படியுங்கள். மறுப்புக்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று தனியாக எழுதி வையுங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

“விண்ணப்பத்தில் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.” சரி, அந்த விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு ‘சொந்தத் தொழில், வருமானம் பத்து லட்சம்’ என்று யாராவது நிரப்பியிருக்கிறார்களா? போன் நம்பரும் இமெயிலும் உங்களுடையவைதானா? நீங்கள் தமிழில் கையெழுத்திட்டு, விண்ணப்பம் இங்கிலீஷில் இருந்தால், “விவரங்களை இவருக்குப் புரியும் மொழியில் விளக்கினோம்” என்ற உறுதிமொழி அதில் இருக்க வேண்டும். யார் விளக்கியதாகப் போட்டிருக்கிறது? இப்படி ஒவ்வொரு தவறும் உங்கள் பக்கத்துக்கு ஒரு சாட்சி.

“பாலிஸியைத் திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது.” பாலிஸிப் பத்திரம் கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று திருப்பித் தர அவகாசம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் இது 30 நாள். பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு. பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல. உங்களுக்குப் பத்திரம் வந்ததா? என்றைக்கு வந்தது? கூரியரில் யார் கையெழுத்திட்டு வாங்கினார்கள்? அந்த ஆதாரத்தைக் கேளுங்கள்.

“சரிபார்க்கப் போன் செய்தோம்; எல்லாம் புரிந்தது என்று சொன்னீர்கள்.” அந்த ஒலிப்பதிவைக் கேளுங்கள். “ஒரு போன் வரும், எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லிடுங்க. இல்லேன்னா பணம் ஏறாது” என்று விற்றவர் சொல்லிக் கொடுத்திருந்தால், அதையும் எழுதத் தயங்காதீர்கள்.

ஆக, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி இவற்றைக் கேளுங்கள்: விண்ணப்பத்தின் நகல், எவ்வளவு கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று காட்டும் பலன் விளக்கப் பட்டியல், போன் ஒலிப்பதிவு, பத்திரம் பட்டுவாடா ஆன அத்தாட்சி. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை பத்திரப்படுத்துங்கள். ‘பீமா பரோசா’ என்ற அரசு இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். 155255 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம். இது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்வை செய்யும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைப்பின் ஏற்பாடு. அவர்களே தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். கம்பெனியைப் பதில் சொல்ல வைப்பார்கள்.

ஆம்புட்ஸ்மன் என்பவர் யார்?

பாலிஸிதாரருக்கும் கம்பெனிக்கும் இடையே வழக்கைக் கேட்டு முடிவு சொல்பவர்தான் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னையில் அலுவலகம் இருக்கிறது. விலாசத்தைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் பாலிஸிப் பத்திரத்தின் பின்பக்கங்களிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இவரிடம் போக முக்கியமான நிபந்தனை: முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருந்தாலும், ஒரு மாதமாகப் பதிலே தராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும் போகலாம். மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். பதிலே வராவிட்டால், அந்த ஒரு மாதம் கழிந்ததிலிருந்து ஒரு வருடம்.

கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. வக்கீலோ ஏஜெண்டோ உங்களுக்காகப் பேச முடியாது. பாலிஸி யார் பேரில் இருக்கிறதோ அவரே கையெழுத்திட வேண்டும். அவர் காலமாகியிருந்தால் வாரிசோ நாமினியோ போகலாம். தபாலிலும் அனுப்பலாம், இணையத்திலும் கொடுக்கலாம். விசாரணை வீடியோ மூலமும் நடக்கிறது. கைக்குழந்தையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போவது எப்படி என்று கவலைப்படும் இளம் தாய்மார்களுக்கு இது பெரிய ஆறுதல்.

தேவையான காகிதங்கள் எல்லாம் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். 2023-இல் திருத்திய விதிப்படி 50 லட்ச ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டு 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்கு அந்த முடிவு பிடிக்காவிட்டால் வேறு வழியும் இருக்கிறது.

புகாரை எப்படி எழுதுவது? கண்ணீர்க் கதை வேண்டாம். தேதி வரிசையில் எழுதுங்கள். என்றைக்கு எங்கே போனேன், யார் என்ன சொன்னார், எவ்வளவு கட்டினேன், உண்மை எப்போது தெரிந்தது, கம்பெனி சொன்ன காரணம் இது, அதற்கு என் பதில் இது. கடைசியில், என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்: “பாலிஸியை ரத்து செய்து முழுப் பணத்தையும் வட்டியுடன் தர வேண்டும்.” முழுவதும் கிடைக்காமல், இனி பிரீமியம் கட்டத் தேவையில்லாத ஒரே தவணைப் பாலிஸியாக மாற்றித் தரச் சொல்வதும் உண்டு.

அங்கேயும் சரிப்படாவிட்டால்?

மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் பம்பாயில் இருந்தால் என்ன, டெல்லியில் இருந்தால் என்ன! நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஒன்று ஞாபகமிருக்கட்டும்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மன் எடுக்க மாட்டார். ஆகவே முதலில் செலவில்லாத ஆம்புட்ஸ்மன். தேவைப்பட்டால் பிறகு ஆணையம்.

பாலிஸியை விற்றது பாங்க் என்றால், பாங்கின் மேலாளருக்கும் தனியாக ஒரு புகார் எழுதுங்கள். “நாங்கள் வெறும் ஏஜெண்ட்தான்” என்று கை கழுவப் பார்ப்பார்கள். உங்கள் டெபாசிட்டை முடித்துப் பணத்தை மாற்றிவிட்டவர்கள் அவர்கள்தானே? டெபாசிட் முடிந்த தேதியும் பிரீமியம் போன தேதியும் ஒன்றாக இருக்கும் பாஸ்புக் பக்கத்தை நகலெடுத்து இணையுங்கள். அந்த ஒரு பக்கம் நூறு வார்த்தை பேசும்.

இரண்டு எச்சரிக்கைகள்

“ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-லிருந்து பேசறோம் மேடம், உங்க பணம் போனஸோட திரும்பி வருது, இன்னொரு பாலிஸி மட்டும் எடுத்துட்டா ரிலீஸ் ஆயிடும்” என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். அந்த அமைப்பு பாலிஸி விற்பதும் இல்லை, போனஸ் தருவதும் இல்லை. ஏமாந்தவர்களையே மறுபடி குறி வைக்கும் கூட்டம் இது. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

அடுத்து, கோபத்தில் பிரீமியத்தை நிறுத்திவிடாதீர்கள். பயந்துகொண்டு கட்டியும் விடாதீர்கள். “நான் நிறுத்தினால் என்ன ஆகும், இப்போது சரண்டர் செய்தால் எவ்வளவு கிடைக்கும்?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரில் வந்த புது விதிகளின்படி, பங்குச் சந்தையோடு சேராத சேமிப்புப் பாலிஸிகளில் ஒரு வருடப் பிரீமியம் கட்டி அந்த வருடமும் முடிந்திருந்தால் ஓரளவு தொகை கிடைக்க வழியுண்டு. சந்தையோடு சேர்ந்த யூலிப் பாலிஸியில் ஐந்து வருடம் வரை பணத்தை எடுக்க முடியாது. தொகையைத் தெரிந்துகொண்டு, வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.

ஆமாம், வீட்டில் சொல்லிவிடுங்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டது குற்றமில்லை. பொய் சொல்லி வாங்கினதுதான் குற்றம். பளபளப்பான பாத்திரத்தில் ஓட்டை இருந்தால் ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய் நிற்கத் தெரிந்தவர்கள்தானே நாம்? இதற்கும் அதே துணிச்சல் போதும். இன்றைக்கே ஒரு ஃபைல் வாங்கி, அந்தக் கடிதத்தை முதல் காகிதமாக வையுங்கள். கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடம் எண்ணி, கடைசி நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுங்கள்!