படகிலிருந்து தெரியாத கோமோ

கோமோ ஏரி என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது ஒரு கல்யாணம். 2018 நவம்பரில் தீபிகா படுகோனேயும் ரன்வீர் சிங்கும் அங்கே மணமுடித்த பிறகு, வடக்கு இத்தாலியின் இந்த ஏரி நம் ஊர் டிராவல் ஏஜென்ட்களின் பட்டியலில் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டது. காலையில் மிலானிலிருந்து பஸ், கோமோவில் இறங்கி ஒரு படகு, பெல்லாஜியோவில் ஐஸ்கிரீம், ஜார்ஜ் குளூனியின் மாளிகையைத் தூரத்திலிருந்து ஒரு போட்டோ, மாலையில் மறுபடி மிலான். படகுச் சவாரியைக் குறை சொல்ல முடியாது, அழகுதான். ஆனால் அந்தப் படகில் உட்கார்ந்து கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மாளிகைகளுக்கு மேலே, ஆலிவ் தோப்புகளுக்கும் மேலே, மலைச்சரிவில் ஒரு மணிக்கூண்டு தெரியும். இன்னும் தள்ளி ஒரு பழைய கோபுரம். அதற்கும் மேலே பாறை விளிம்பில் வெள்ளையாக ஒரு சிற்றாலயம். இவற்றையெல்லாம் கோத்துக்கொண்டு போகிறது கல் பாவிய நடைபாதை. இந்த ஏரியின் வரலாறு பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் நடந்தது. கரையோரச் சாலை நேற்று வந்தது.

அது ஏன் என்று புரிய, ஏரியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்டிவில்லைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற வடிவம். கைப்பிடியின் நுனியில், வடக்கே கொலிகோ. தெற்கே இரண்டு கிளைகள். மேற்குக் கிளையின் முடிவில் கோமோ நகரம், கிழக்குக் கிளையின் முடிவில் லெக்கோ. கிளை பிரியும் முனையில் பெல்லாஜியோ. பரப்பு 146 சதுர கிலோமீட்டர். ஆழம் 400 மீட்டருக்கும் மேல். நீர்மட்டமோ கடல்மட்டத்திலிருந்து 198 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, ஏரியின் அடித்தரை கடல்மட்டத்துக்கும் இருநூறு மீட்டர் கீழே கிடக்கிறது. பனியுகத்தில் ஆல்ப்ஸிலிருந்து இறங்கிய பனியாறு குடைந்த பள்ளம் இது. அதனால்தான் கரை என்று சொல்ல அதிக இடமில்லை. மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கிழக்குக் கரையில் நிற்கும் லெஞ்ஞோனே சிகரம் 2,609 மீட்டர். அதன் அடிவாரம் ஏரிக்குள் இருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் சாலை போட வெடிமருந்தும் ஒரு பேரரசின் கஜானாவும் வேண்டும். இரண்டும் 19ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தன. அப்போது லொம்பார்தியை ஆண்ட ஆஸ்திரியர்கள், படைகளும் பீரங்கிகளும் ஆல்ப்ஸைத் தாண்டி விரைந்து வருவதற்காக, கிழக்குக் கரையோரம் பாறையைக் குடைந்து ராணுவச் சாலை அமைத்தார்கள். ஸ்தெல்வியோ கணவாய்ச் சாலையை வடிவமைத்த பொறியாளர் கார்லோ தோனெகானிதான் இதற்கும் பொறுப்பு. 1894இல் ரயில் பாதை கொலிகோ வரை வந்து சேர்ந்தது. சாலை வருவதற்கு முன்பு லெக்கோவிலிருந்து வடக்கே போக வேண்டுமானால் படகு ஏற வேண்டும். காற்று சரியில்லை என்றால் மலைமேல் நடக்க வேண்டும். உப்பு மூட்டையும் கோவேறு கழுதையும் யாத்ரிகனும் வரி வசூலிப்பவனும் நடந்த அந்தப் பாதைக்கு இன்றைய பெயர் 'செந்தியேரோ தெல் வியாந்தாந்தே', வழிப்போக்கர் பாதை. அப்பாதியா லாரியானாவிலிருந்து கொலிகோ வரை சுமார் 45 கிலோமீட்டர். ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகைகள் வழிகாட்டும்.

இந்தப் பாதையின் பெரிய வசதி, பெரும்பாலான ஊர்களின் அடியில் ஒரு ரயில் நிலையம் இருப்பது. கால் ஓய்ந்தால் இறங்கி ரயில் ஏறிவிடலாம். கூடாரம் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். ஆனால் ஏரிக்கரை நடைதானே என்று செருப்போடு கிளம்பிவிடக் கூடாது. சமதளம் என்பதே அரிது. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். லியெர்னாவுக்கும் வாரென்னாவுக்கும் இடையே மேல்வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆயிரம் மீட்டரை நெருங்கிவிட்டுத்தான் கீழே இறங்க முடியும். பாதையில் பதித்திருக்கும் உருண்டைக் கற்கள் கழுதைக் குளம்புக்காகப் போட்டவை. மழை பெய்தால் மனிதக் காலுக்கு வழுக்கும். இருபுறமும் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள். அவற்றுக்குப் பின்னே படிப்படியாக வெட்டிய சிறு வயல்கள், ஆலிவ் மரங்கள், மேலே போகப் போகச் செஸ்ட்நட் காடு. பல வயல்கள் இப்போது கைவிடப்பட்டு முள் மண்டிக் கிடக்கின்றன. கீழே ஓட்டல் வேலை கிடைத்த பிறகு மேலே யார் கல் சுமப்பார்கள்?

வாரென்னாதான் கிழக்குக் கரையின் நடுநாயகம். நிலையத்திலிருந்து வரும் கூட்டம் முழுவதும் படகுத்துறைக்கு ஓடும். நீங்கள் மேலே ஏறுங்கள். அரை மணி நேரத்தில் வேட்ஸியோ கோட்டை. ஆறாம் நூற்றாண்டில் வந்த லொம்பார்துகளின் ராணி தியோதெலிந்தா கட்டியது என்பது ஊர் வழக்கு. கோட்டை என்று பெயரே தவிர, ஒரு சதுரக் கோபுரமும் சுற்றுச்சுவரும் கொஞ்சம் ஆலிவ் மரங்களும்தான். கோபுரத்துக்குள் போக ஒரு சிறு தூக்குப்பாலம். மேலே நின்றால் ஏரியின் மூன்று கைகளும் ஒரே பார்வையில் விழும். எதிரிப் படகு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் காவலன் கண்ணுக்குத் தப்பாது. முற்றத்தில் முக்காடு போட்ட வெள்ளை உருவங்கள் நிற்கும், உட்கார்ந்திருக்கும், உள்ளே யாரும் இல்லாமல். பார்வையாளர்கள் மீதே துணியைப் போர்த்தி, சாந்து பூசி, உலர்ந்ததும் ஆளை வெளியே எடுத்துச் செய்த 'பேய்கள்' அவை. குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கென்னவோ, கோட்டைக்கு அவை தேவைப்பட்டதாகத் தோன்றவில்லை.

வாரென்னாவுக்குத் தெற்கே சற்று நடந்தால் ஃபியூமெலாத்தே என்ற ஓடை. நீளம் வெறும் 250 மீட்டர். பாறைக் குகையிலிருந்து பொங்கி, பால் நிறத்தில் நுரைத்துக்கொண்டு சரிந்து ஏரியில் கலந்துவிடும். வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் நின்றுவிடும். குளிர்காலத்தில் போனால் வெறும் பாறைதான். லியோனார்தோ தா வின்சி இந்த ஓடையைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

வாரென்னாவிலிருந்து வடக்கே பெல்லானோ, அங்கே பியோவெர்னா ஆறு அறுத்த குறுகிய பள்ளத்தாக்கு. டெர்வியோவைத் தாண்டி கொரென்னோ பிளினியோ: கோட்டையை ஒட்டி, பாறையிலேயே செதுக்கிய படிகளைத் தெருவாகக் கொண்ட சின்ன ஊர். கடைசியில் கொலிகோ. ஏரி முடிந்து சமவெளி விரியும் இந்த இடத்தில் இரண்டு சிறு குன்றுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை. பழையதை 1603இல் மிலானின் ஸ்பானிய ஆளுநர் ஃபுவெந்தெஸ் பிரபு கட்டத் தொடங்கினார், வடக்கே இருந்த கிரௌபுண்டன் மலைக்காரர்களை மிரட்டுவதற்காக. சுற்றிலும் சதுப்பு. காவலுக்கு வந்த சிப்பாய்களைக் கொசுவும் மலேரியாவும் வாட்டியெடுத்தன. 1796இல் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. மற்றதான மொந்தேக்கியோ நோர்த் கோட்டை, முதல் உலகப் போரை ஒட்டிக் கட்டியது. ஜெர்மானியர்கள் சுவிட்சர்லாந்து வழியாகப் புகுந்துவிடுவார்களோ என்ற பயம். 149 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு, இரும்புக் கவிகைகளோடு இன்றும் அப்படியே இருக்கின்றன. அந்தப் போரில் எதிரி வரவே இல்லை. பீரங்கிகள் பேசியது 1945 ஏப்ரல் கடைசியில்தான், பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் வண்டித்தொடரை நோக்கி.

அதே ஏப்ரல் கடைசி நாட்களில், எதிர்க்கரையில் ஜெர்மன் வண்டித்தொடர் ஒன்றில் ஜெர்மன் மேலங்கிக்குள் ஒளிந்து வந்தவர் பெனிட்டோ முசோலினி. 27ஆம் தேதி தொங்கோ ஊரில் பிடிபட்டார். மறுநாள் ஜூலினோ தி மெட்செக்ராவில் ஒரு வீட்டு வாசலில் சுடப்பட்டார். அந்த இடம் மேற்குக் கரையின் இன்றைய நடைபாதைக்கு மிக அருகில்தான். ஒரு சிறு சிலுவை, அவ்வளவே. தேடினால்தான் கண்ணில் படும். அப்படியே இருக்கட்டும்.

மேற்குக் கரையில் நடை சுலபம். கொலோன்னோவிலிருந்து கிரியாந்தே வரை சுமார் 10 கிலோமீட்டர் 'கிரீன்வே', முதியவர்களும் நடக்கலாம். பல இடங்களில் இது ரோமானியர் காலத்து ரெஜினா சாலையின் மேல் போகிறது. தொடக்கத்திலேயே கண்ணில் படுவது கொமாச்சினா தீவு. மிலானோடு சேர்ந்துகொண்டு கோமோவை எதிர்த்ததற்காக 1169இல் கோமோ நகரத்தார் இந்தத் தீவைக் கொளுத்தித் தரைமட்டமாக்கினார்கள். தப்பியவர்கள் ஏரியைக் கடந்து வாரென்னாவில் குடியேறினார்கள். இன்றும் ஜூன் மாதம் புனித யோவான் திருநாளையொட்டி வாணவேடிக்கையால் தீவை மறுபடி 'எரிக்கிறார்கள்'. நத்தை ஓட்டில் எண்ணெய் ஊற்றி விளக்கேற்றித் தண்ணீரில் விடுவது பழைய வழக்கம்.

தீவுக்கு எதிரே ஓஸ்ஸூச்சோ. இந்த ஏரியில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஊருக்கு மேலே சொக்கோர்ஸோ மாதா ஆலயம். அதற்கு ஏறும் கல்பாதையில் 14 சிற்றாலயங்கள், 1635 முதல் 1710 வரை கட்டியவை. ஜெபமாலையின் மறைபொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். பதினைந்தாவது மறைபொருளுக்கு மலைமேல் ஆலயமே நிலை. 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஒன்பது 'புனித மலை'களில் ஒன்று. ஒவ்வொரு சிற்றாலயத்துக்கும் கதவுக்குப் பதில் கம்பித் தடுப்பு. அதில் முகத்தைப் பதித்து உள்ளே பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகியதும் ஒரு கை, ஒரு முகம், ஒரு நாய் என்று கூட்டமே எழுந்து வரும். சுட்ட மண்ணில் செய்து வண்ணம் தீட்டிய ஆளுயரச் சிலைகள், மொத்தம் சுமார் 230. பெரும்பகுதி அகோஸ்தினோ சில்வா என்ற சிற்பியின் கைவேலை. சாட்டையடிக் காட்சியில் ஓங்கிய கைகளைப் பாருங்கள். படிக்கத் தெரியாத மீனவர்களுக்கும் பட்டுப்பூச்சி வளர்த்தவர்களுக்கும் பைபிளை இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதற்கும் மேலே, சுவிஸ் எல்லைவரை போகும் பாதைகளுக்கு எந்த ராஜாவும் கல் பதிக்கவில்லை. அவை 'ஸ்பல்லோனி'களின், முதுகில் சுமந்து கடத்தியவர்களின் பாதைகள். எல்லையில் கம்பிவேலி; ஆட்டினால் ஒலிக்க மணிகள் கட்டியிருப்பார்கள். சணல் சாக்கில் சுமார் முப்பது கிலோ காபியோ சிகரெட்டோ கட்டி, சத்தம் கேட்காமலிருக்கச் சாக்குத்துணியில் தைத்த காலணி போட்டுக்கொண்டு இரவில் நடந்தார்கள். போர்க்காலத்தில் அதே வழிகளில் யூதர்களும் தப்பியோடியவர்களும் சுவிட்சர்லாந்துக்குள் போனார்கள். 1970கள் வரை இந்தத் தொழில் நடந்தது. பிழைப்புக்கு வேறு வழியில்லாத மலைக்கிராமங்களில் இதை யாரும் பெரிய குற்றமாகக் கருதவில்லை.

ஏரியை மேலேயிருந்து பார்ப்பதா, கீழேயிருந்து பார்ப்பதா என்பது புதுக் கேள்வி அல்ல. கோமோவில் பிறந்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினிக்கு இந்தக் கரையில் பல வீடுகள் இருந்தன. நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவற்றில் இரண்டைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறார். பாறைமேல் உயர்ந்து நிற்கும் வீட்டுக்குத் 'துன்பியல்' என்று பெயர், துன்பியல் நடிகர்கள் உயரமான காலணி போடுவதால். கரையோர வீட்டுக்கு 'இன்பியல்'. அங்கே படுக்கையிலிருந்தே தூண்டில் போடலாமாம். மேல்வீட்டிலிருந்து மீனவர்களை வேடிக்கை பார்க்கலாம், கீழ்வீட்டில் நாமே மீன் பிடிக்கலாம் என்கிறார். இரண்டு வீடும் வைத்திருந்தவருக்குப் பிரச்சினை இல்லை.

மீன் என்றதும் ஒன்று. நடந்து களைத்தவர்கள் எந்த ஊர் உணவகத்திலும் 'மிஸ்ஸோல்தீனி' கேட்டுப் பாருங்கள். அகோனே என்ற ஏரிமீனைக் குடல் நீக்கி, உப்பிட்டு, வெயிலில் கோத்துக் காயவைத்து, மணமுள்ள பே இலை சேர்த்துத் தகர டப்பாவில் அழுத்தி வைப்பார்கள். பிறகு சுட்டு, வினிகரும் எண்ணெயும் விட்டு, மக்காச்சோளமாவுக் களியான பொலெந்தாவோடு தட்டில் வரும். கருவாடுதான், வேறென்ன. கூட வந்த வெள்ளைக்காரர்கள் மூக்கைச் சுளிக்கும்போது நம்மவர்கள் இரண்டாவது தட்டு கேட்கலாம்.

போக நல்ல காலம் ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுவரை. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வெயிலும் வாட்டும்; குளிர்காலத்தில் படகுகள் குறைவு, வேட்ஸியோ கோட்டையும் மூடியிருக்கும். மழைக்குப் பிறகு மண்சரிவால் பாதையின் சில பகுதிகளை அடைத்துவிடுவதுண்டு. கிளம்பும் முன் ஊர்த் தகவல் மையத்தில் கேட்டுவிடுவது நல்லது. பிடிமானமுள்ள ஷூ, தண்ணீர், மெல்லிய மழைக்கோட்டு போதும். மிலானோ சென்ட்ரலே நிலையத்திலிருந்து வாரென்னாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் அபராதம். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றாலும் வாரென்னாவில் இறங்கி, வேட்ஸியோ ஏறி, வழிப்போக்கர் பாதையில் பெல்லானோ வரை நடந்துவிட முடியும். நிதானமாக நடந்தாலும் மாலைக்குள் முடிந்துவிடும். பெல்லானோவிலிருந்தும் மிலானுக்கு ரயில் இருக்கிறது.