காண்டீபம் நழுவிய கை

குருக்ஷேத்திரத்தில் இரு சேனைகளுக்கும் இடையே தேர் நின்றதும், அர்ஜுனன் தன் நிலையைக் கண்ணனிடம் சொல்கிறான். உறுப்புகள் தளர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, தோல் எரிகிறது, மனம் சுழல்கிறது. கீதையின் முதல் அத்தியாயத்தில் வரும் இந்த வருணனையைக் கேட்டு இன்றைய மருத்துவர் எவரும் வியப்படைய மாட்டார். நாள்தோறும் அவர் முன் அமர்வோர் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்தார். ஆபத்தை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் தடைப்படுகிறது. போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. எதிரே வந்த புலி அகன்றால் இந்த ஆயத்தமும் அடங்கிவிடும். மகளின் திருமணக் கவலையும் வீட்டுக் கடன் தவணையும் அவ்வாறு அகல்வதில்லை. உடல் மாதக்கணக்கில் காவல் நிற்கிறது. தோள் இறுக்கம், வயிற்றுப் பொருமல், விடியுமுன் விழித்துக்கொண்டு உறங்காமற் கிடத்தல் ஆகியவை அதனால் வருபவை.

இத்தகையோரிடம் இல்லத்தார் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: “தைரியமாக இரு, சாமியை நம்பு.” கண்ணனும் முதலில் பேடித்தனம் வேண்டாம் என்று கடிந்துதான் பேசினான். அதனால் அர்ஜுனன் எழுந்துவிடவில்லை. தன் கலக்கத்தை மீண்டும் எடுத்துரைத்து, போரிடேன் என்று கூறி மௌனமானான். அதன் பின்னரே கண்ணன் புன்முறுவலுடன் அந்த நெடிய உபதேசத்தைத் தொடங்கினான். பக்தி குறைந்ததால்தான் பதற்றம் என்று தீர்ப்புக் கூறுவோர் இவ்விடத்தை மறுபடி படிப்பது நலம்.

உடலின் வழியே பதற்றத்தைத் தணிக்க எளிய துணை மூச்சு. உள்மூச்சின்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது; வெளிமூச்சின்போது தாழ்கிறது. திருமந்திரம் பூரகத்துக்கு 16 மாத்திரையும் இரேசகத்துக்கு 32 மாத்திரையும் வகுக்கிறது, வெளிமூச்சு இருமடங்கு. இடையில் வரும் 64 மாத்திரைக் கும்பகத்தை ஆசானின்றி முயலலாகாது. ஏற்கெனவே தவிப்பவருக்கு மூச்சை அடக்குவது தவிப்பைக் கூட்டவும் கூடும். 4 எண்ணும் வரை மூக்கால் இழுத்து, 8 எண்ணும் வரை மெல்ல விட்டால் போதும். 8 இயலாதெனில் 6. பிரகாரத்தை வலம் வரும்போதும் இதைச் செய்யலாம். மூன்று சுற்றையும் விரைந்து முடித்து வாகனத்தைத் தேடி ஓடுவோருக்கு இப்பயன் கிட்டாது. மாலைக் காபியைக் கைவிடுவது உறக்கத்துக்கு உதவும்.

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே நடுக்கமும் படபடப்பும் தோன்றும். குருதிப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கவலை வாரக்கணக்கில் உறக்கத்தையும் அன்றாடப் பணியையும் கெடுக்குமாயின் மனநல மருத்துவரை நாட வேண்டும். வெளியே செல்லத் தயங்குவோர், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம். மருத்துவர் மாத்திரை தந்திருந்தால், வேண்டுதல் நிறைவேறிற்று என்று அதைத் தாமே நிறுத்திவிடலாகாது. குறைப்பதும் நிறுத்துவதும் அவரைக் கேட்டே நடைபெற வேண்டும்.