உத்தரவுக்குக் காத்திருக்கும் சுரங்கமும் தவணை முதலீடும்

கிணறு வெட்டக் கடன் கோரும் அங்கத்தினருக்குச் சங்கம் முழுத் தொகையையும் ஒரே நாளில் வழங்கிவிடுவதில்லை. முதல் தவணையைக் கொண்டு நடைபெற்ற வேலையைப் பார்வையிட்ட பின்னரே அடுத்த தவணை அளிக்கப்படும். இம்முறையின் நன்மையை நாம் நன்கு அறிவோம். கோடிக்கணக்கில் பணம் புரளும் சுரங்கத் தொழிலிலும் இதே முறை கையாளப்படுகிறது. அதனை ஓர் உதாரணத்தால் விளக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில் பெபிள் என்னுமிடத்தில் செம்பும் தங்கமும் பெருமளவில் புதைந்து கிடக்கின்றன. அந்நிலத்தின் ஆறுகள் பிரிஸ்டல் விரிகுடாவில் கலக்கின்றன. சாக்கை என்னும் சால்மன் மீன் உலகிலேயே மிகுதியாகப் பிடிக்கப்படுவது அங்கேதான். சுரங்கக் கழிவு ஆற்றைக் கெடுக்குமென மீனவர்களும் பூர்வகுடி மக்களும் அஞ்சினர். ஆகவே சர்க்காரின் உத்தரவு கிடைக்குமா என்பதே முதற் கேள்வியாயிற்று.

உத்தரவு பெறாத சுரங்கத்துக்கு வங்கிகள் எளிதில் கடன் தருவதில்லை. வருமானமும் இல்லை, உத்தரவின்றித் தோண்ட இயலாத தாதுவை ஈடாகக் கொள்வதும் அரிது. ஆதலின் உரிமை பெற்ற கம்பெனி பங்குகளை விற்றோ, கூட்டாளியைச் சேர்த்தோதான் பணம் திரட்ட வேண்டும். பெபிள் உரிமை பெற்றிருந்த நார்தர்ன் டைனஸ்டி என்னும் கனடியக் கம்பெனி அவ்வாறே செய்தது.

2007இல் ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனி பாதிப் பங்குக்குக் கூட்டாளியாயிற்று. அப்பங்கை நிலைநிறுத்திக்கொள்ள 142.5 கோடி டாலரைப் படிப்படியாகச் செலவிட வேண்டுமென்பது நிபந்தனை. ஏறக்குறைய 54 கோடி டாலர் செலவான நிலையில், 2013இல் அது விலகிக்கொண்டது. ஒப்புக்கொண்ட தொகையில் ஐந்தில் இரண்டு பங்கிற்கும் குறைவாகவே அது இழந்தது. ஆனால் அதன் பாதிப் பங்கும் கைவிட்டுப் போயிற்று.

2017இல் பர்ஸ்ட் குவாண்டம் கம்பெனி முன்வந்தது. உத்தரவு பெறும் வேலைக்காக ஆண்டுக்கு 3.75 கோடி டாலராக நான்கு ஆண்டுகள் செலுத்துவது. பின்னர் விரும்பினால் 135 கோடி டாலர் அளித்துப் பாதிப் பங்கைப் பெறுவது என்று பேச்சு. முதல் தவணைக்குப் பின், 2018 மே மாதத்தில் அவ்வேற்பாடும் முறிந்தது. 2020 நவம்பரில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உத்தரவை மறுத்தது. 2023 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அத்திட்டத்துக்குத் தடை விதித்தது. 2024இல் கம்பெனி நீதிமன்றத்தை நாடியது.

இதனால் விளங்குவது யாது? தவணை முறை, பணம் போடுபவனின் நஷ்டத்துக்கு எல்லை வகுக்கிறது. ஆயின் திட்டத்தின் உரிமையாளருக்கு அது உறுதியளிப்பதில்லை. கூட்டாளி எந்தப் படியிலும் இறங்கிவிடலாம். பெரிய கம்பெனிக்கு விலகும் வழி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டுள்ளது. சந்தையில் பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளருக்கோ அத்தகைய வழி இல்லை. அவர் முழு விலையையும் முன்னரே செலுத்திவிடுகிறார். செய்தி வெளியாகி விலை சரிந்த பிறகே அவர் விற்க நேரிடும். மீனவர்களோ ஒரு பைசாவும் போடாதவர்கள். ஆயினும் முடிவு தெரியாமல் பல ஆண்டுகள் கவலையில் கழித்தவர்கள்.

ஆகையால் இத்தகைய பங்குகளில் சேமிப்பைப் போட எண்ணும் அங்கத்தினர் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். எந்தெந்த உத்தரவு கைக்கு வந்துள்ளது, எது வரவேண்டும்? பெரிய கூட்டாளி இதுவரை உண்மையில் செலுத்திய தொகை எவ்வளவு, வெறும் வாக்குறுதி எவ்வளவு? அவர் விலகினால் அடுத்த படிக்குப் பணம் எங்கிருந்து வரும்? நிலத்தையும் நீரையும் நம்பி வாழ்வோர் சம்மதித்துள்ளனரா? இவற்றுக்குத் தெளிவான விடை எழுத்தில் கிடைக்காதவரை, நெசவிலும் உழவிலும் ஈட்டிய பணத்தை அதில் இடாதிருப்பதே விவேகம் என்பது எமது கருத்து.