காது அடைத்தால் வொலியூமைக் கூட்டாதீர்கள்: இயர்போனும் காதுக் குறும்பியும்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. திருகோணமலை துறைமுகப் பக்கம் ஷிஃப்ட் வேலை செய்யும் என் மருமகன் உப்புவெளிக் கடலில் குளித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான். தலையைச் சாய்த்து வலது காதைத் தட்டிக்கொண்டே, "காது அடைச்சிட்டு மாமா, ஒண்டும் கேக்குதில்ல" என்றான். தண்ணீர் போயிருக்கும், காய்ந்தால் சரியாகும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

மறுநாளும் காது திறக்கவில்லை. கொட்டன் பட்ஸ் வைத்துக் குடைந்தான்; அடைப்பு இன்னும் இறுகியது. அந்தக் காதிலேயே இயர்போனை மாட்டி, கேட்பது போதவில்லை என்று வொலியூமைக் கூட்டினான். மூன்றாம் நாள் தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளத்தான் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வெளிச்சம் உள்ள கருவியைக் காதில் வைத்துப் பார்த்த அவர் கேட்ட முதல் கேள்வி: "இயர்போன் எத்தனை மணித்தியாலம் போடுறீங்க?"

பஸ்ஸில், வேலைக்குப் போகும் வழியில், இரவு படுக்கையில் என்று கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏழு, எட்டு மணித்தியாலம். சில நாட்கள் சொட்டு மருந்து விட்டு இளகச் செய்து கழுவியபோது, பயறளவு கறுத்த குறும்பிக் கட்டி வெளியே வந்தது. காது திறந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நாட்களில் வீட்டில் நாங்கள் எல்லோரும் செய்த ஒவ்வொன்றும் பிழை என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். அதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

குறும்பி அழுக்கு இல்லை

காதுக் குறும்பியை நாம் அழுக்கு என்றே நினைக்கிறோம். உண்மையில் அது உடம்பு தானே செய்துகொள்ளும் காவல். வளர்ந்தவர்களின் காதுக் குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் நீளம். அதில் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் எண்ணெய்ப் பசையுடன் உதிர்ந்த தோலும் முடியும் தூசியும் சேர்ந்தால் குறும்பி. அது தண்ணீரை ஒட்டவிடாது. பூச்சி, தூசியைப் பிடித்து வைக்கும். சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளதால் பக்டீரியாவும் பங்கசும் வளர்வதைத் தடுக்கும்.

அதை வெளியேற்றும் வேலையையும் காதே பார்த்துக்கொள்கிறது. காதுக் குழாயின் தோல் செவிப்பறைப் பக்கமிருந்து வெளிவாசலை நோக்கி, நகம் வளரும் வேகத்தில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நாம் பேசும்போதும் சாப்பிடும்போதும் தாடை அசைவதால் குறும்பி தளர்ந்து, அந்தத் தோலோடு வெளியே வந்து தானாக உதிர்ந்துவிடும்.

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். குறும்பி ஊறுவது வாசல் பக்கத்தில் மட்டும். அப்படியானால் செவிப்பறைக்குப் பக்கத்தில் குறும்பி கட்டியாக இருந்தால், அநேகமாக ஏதோ ஒன்று அதை உள்ளே தள்ளியிருக்கிறது. அது பட்ஸாக இருக்கலாம், ஊசியாக இருக்கலாம், சாவியாக இருக்கலாம். இன்று அந்த வரிசையில் இயர்போனும் சேர்ந்திருக்கிறது.

இயர்போன் என்ன செய்கிறது?

காதின் வெளியே பொத்தும் பெரிய ஹெட்போனை விட, குழாய்க்குள் நுழையும் ரப்பர் முனை உள்ள இயர்போன்தான் இங்கு பிரச்சினை. அது குறும்பி வெளியேறும் வாசலை மூடிவிடுகிறது. ஒவ்வொரு முறை அழுத்தி மாட்டும்போதும் வாசலுக்கு வந்து நிற்கும் குறும்பியை மீண்டும் உள்ளே தள்ளுகிறது. காற்றோட்டம் இல்லாமல் உள்ளே வியர்வையும் ஈரமும் தேங்குகின்றன. செவிப்புலன் கருவி அணியும் முதியவர்களுக்குக் குறும்பி அடிக்கடி அடைப்பதும் இதே காரணத்தால்தான். சத்தமான இயந்திரங்களுக்கிடையில் வேலை செய்வோர் காதுக்குள் செருகும் பாதுகாப்பு அடைப்பான்களும் இதைச் செய்யும். அதற்காக அவற்றைக் கழற்றி வீசிவிடக் கூடாது. வெளியே பொத்தும் வகை கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இயர்போன் போடும் எல்லோருக்கும் அடைப்பு வருவதில்லை. காதுக் குழாய் ஒடுங்கியவர்கள், உள்ளே முடி அதிகம் உள்ளவர்கள், குறும்பி காய்ந்து கெட்டியாகும் வயதானவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். அமெரிக்க காது, மூக்கு, தொண்டை வைத்தியர்களின் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கும் வளர்ந்தவர்களில் இருபதில் ஒருவருக்கும் குறும்பி மிகையாகத் தேங்குவதாகக் கூறப்பட்டுள்ளது. முதியவர்களிடம் இது இன்னும் அதிகம். வகுப்பில் "கவனமில்லாத பிள்ளை" என்று பெயர் வாங்கும் மகனுக்கும், குத்பா விளங்கவில்லை என்று முன் ஸஃப்புக்குப் போகும் வாப்பாவுக்கும் சில வேளை இதுதான் காரணமாக இருக்கும்.

கடலோர மக்களான நமக்கு இன்னொன்றும் உண்டு. உள்ளே தேங்கிய குறும்பி தண்ணீர் பட்டதும் ஊறிப் பெருக்கும். அதுவரை ஒரு சிறு இடைவெளி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, ஒரு முழுக்கில் முற்றாக அடைத்துக்கொள்ளும். என் மருமகனுக்கு நடந்தது அதுதான். சங்குக்கும் கடலட்டைக்கும் முழுகும் சுழியோடிகள் இன்னும் அவதானமாக இருக்க வேண்டும். ஒரு காது அடைத்து மறு காதில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் போனால் கடலுக்கடியிலேயே தலைசுற்றல் வரக்கூடும்.

பெரிய ஆபத்து எங்கே?

குறும்பியைக் கழுவி எடுத்துவிடலாம். அடைத்த காதோடு நாம் செய்யும் காரியங்கள்தான் பெரிய ஆபத்து.

முதலாவது, வொலியூமைக் கூட்டுவது. காது அடைத்தவருக்குப் பாட்டோ பயானோ மெல்லிதாகத்தான் கேட்கும். கூட்டுவார். போதாதற்கு பஸ்ஸின் இரைச்சல், துறைமுக இயந்திரங்களின் இரைச்சல், இன்னும் கூட்டுவார். அடைப்பில்லாத மற்றக் காதில் அந்தச் சத்தம் முழுதாக விழும். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிக் கலங்கள் ஒருமுறை செத்தால் மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணித்தியாலம் மட்டுமே. கேட்பது கிராஅத்தா, கிரிக்கெட் வர்ணனையா என்பது காதுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது சத்தத்தின் அளவு ஒன்றுதான்.

இரண்டாவது, குடைவது. குழாயின் உட்பகுதித் தோல் மிக மெல்லியது, அடியில் எலும்பு. பட்ஸ் உரசினால் கீறும். நம்முடைய சூடான, ஈரமான காலநிலையில் அந்தக் கீறலில் பங்கசு இலகுவாகப் பிடிக்கும். பிடித்தால் அரிக்கும், அரித்தால் மறுபடியும் குடைவோம். செவிப்பறை கிழிந்து வருவோரும் உண்டு.

மூன்றாவது, "குறும்பிதானே" என்று நாமே முடிவு செய்து காத்திருப்பது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போவதற்கு உட்காது நரம்பின் பாதிப்பும் காரணமாகலாம். அது அவசரம், முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் கேள்வி திரும்பும் வாய்ப்பு அதிகம். வீட்டில் ஒரு சிறு சோதனை செய்யலாம். வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் அந்தச் சத்தம் கூடுதலாகக் கேட்டால் குறும்பி போன்ற அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் மட்டும் கூடுதலாகக் கேட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். காதுக்குள் பார்க்கும் கருவி உள்ள வைத்தியர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

என்ன செய்யலாம்?

காதில் வலி, சீழ், இரத்தம் இல்லையென்றால், முன்பு செவிப்பறை கிழிந்ததோ காதில் சத்திரசிகிச்சை செய்ததோ இல்லையென்றால், ஒலிவ் எண்ணெய், அதாவது நம் வீடுகளில் இருக்கும் ஸைத்தூன் எண்ணெய், இரண்டு மூன்று சொட்டு விடலாம். ஒருக்களித்துப் படுத்து ஐந்து, பத்து நிமிடம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை செய்யலாம். எண்ணெயைச் சூடாக்கி ஊற்றக் கூடாது. பாமசியில் கிடைக்கும் குறும்பி இளக்கும் சொட்டு மருந்தும் உண்டு. ஆரம்பத்தில் அடைப்பு சற்றுக் கூடியது போல் தோன்றும். குறும்பி ஊறுவதால் வருவது அது. அதற்கும் சரிவராவிட்டால் வைத்தியரிடம் போய்க் கழுவியோ உறிஞ்சியோ எடுத்துக்கொள்ளலாம். சீனி வியாதி உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குக் காதுத் தொற்று கடுமையாகும். காதில் மெழுகுதிரி வைத்து உறிஞ்சுவதாகச் சொல்லும் முறையை மட்டும் நம்பாதீர்கள். அது குறும்பியை எடுக்காது, காதைச் சுட்டுவிடும்.

நோன்பு காலத்தில் இந்தக் கேள்வி வரும். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்தில், காதின் உட்பகுதிக்குள் மருந்து விட்டால் நோன்பு முறியும். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியோ 1997இல், தொண்டைக்கு வந்ததை விழுங்காத வரை காதுச் சொட்டால் நோன்பு முறியாது என்று தீர்மானித்தது. உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் குறும்பிதான் என்றால் இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் விட்டுக்கொண்டாலே பெரும்பாலும் போதும். வலியோ சீழோ இருந்தால் ரமழான் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வராமல் தடுக்க: இயர்போனை ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றிக் காதுக்குக் காற்றுப்பட விடுங்கள். அதை மாட்டிக்கொண்டு தூங்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது ரப்பர் முனையைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஒருவருடையதை மற்றவர் மாட்டாதீர்கள். குளித்த ஈரக் காதில் போடாதீர்கள். வொலியூம் அறுபது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வீட்டில் இருக்கும்போது வெளியே பொத்தும் ஹெட்போனே நல்லது.

காதைச் சுத்தம் செய்வது எப்படி என்று அந்த வைத்தியரிடம் என் மருமகன் கேட்டான். விரல் போகும் தூரம் வரை துடைத்தால் போதும் என்றார். வுளூவில் ஈர விரலால் காது மடலையும் வாசலையும் தடவுகிறோமே, காதுக்குத் தேவையான சுத்தம் அவ்வளவுதான். அதற்கு அப்பால் உள்ள இடத்தைக் காது தானே பார்த்துக்கொள்ளும். வீட்டிலுள்ள பட்ஸ் பெட்டியை இன்றே எடுத்துவிடுங்கள். "ஆ?" என்று இரண்டு தடவை கேட்கும் பிள்ளையையும் வாப்பாவையும் திட்டுவதற்கு முன்னர், ஒருமுறை காதைக் காட்டக் கூட்டிப்போங்கள்.