காஞ்சி: நில்லாதவற்றின் திணை

புறத்திணைகளை ஏழாகப் பகுக்கும் தொல்காப்பியம், ஆறாவதாகக் காஞ்சியை வைத்து, எதுவும் நிலைத்து நில்லாத உலகின் இயல்பைச் சார்ந்து நடப்பதே அதன் நெறி என்று வரையறுக்கிறது. திணை என்பது வாழ்க்கை ஒழுக்கத்தின் ஒரு பெரும்பிரிவு. அதன் உட்பிரிவு துறை. மனைவியை இழந்தவனின் தபுதார நிலை, கணவனை இழந்தவள் நோன்பிருக்கும் தாபத நிலை, மாண்டவரை எண்ணி எஞ்சியோர் புலம்பும் கையறுநிலை, சுடுகாட்டைப் பாடும் காடு வாழ்த்து ஆகிய துறைகள் இதில் அடங்கும். பெண் கேட்டு வரும் வேந்தனுக்கு முதுகுடியினர் மகளைத் தர மறுக்கும் மகட்பாற்காஞ்சியும் இதில் இடம்பெறுவது முதலில் வியப்பளிக்கலாம். ஆனால் புறநானூற்றில் 336ஆம் பாடல் முதலாக வரும் அத்துறைப் பாடல்கள் பலவற்றில், மறுப்பைத் தொடரும் போரால் வளமான ஊரே பாழாகப் போகிறதே என்ற கவலைதான் மேலோங்கி நிற்கிறது.

காஞ்சி ஒரு மரத்துக்கும், மகளிர் இடையில் அணியும் கோவைக்கும், ஒரு பண்ணுக்கும் பெயர். காஞ்சிபுரம் மரத்தால் பெயர் பெற்றது என்பதே பரவலான கருத்து. நிலையாமைப் பொருளை நகரத்தின் மேல் ஏற்றச் சான்றில்லை. 

இலக்கணத்திலும் இச்சொல் நிலைத்து நிற்கவில்லை. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில், படையெடுத்து வருபவன் வஞ்சிப்பூச் சூட, அவனை எதிர்த்துத் தன் நிலத்தைக் காப்பவன் காஞ்சிப்பூச் சூடுவதே காஞ்சித் திணை. நிலையாமை பற்றிய துறைகள் பல அங்கே பொதுவியலுக்குச் சென்றுவிட்டன. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாடலின் அடிக்குறிப்பும் பொதுவியல் என்றே கூறுகிறது. கையறுநிலையான அப்பாடல் தொல்காப்பியப் பகுப்பின்படி காஞ்சியே ஆகும். அதில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள்களைத் தொல்காப்பியர் தருகிறார். ஒழியிசை என்பது சொல்லாமல் விட்டதை உணர்த்துவது. கழிந்துபோனதையும் புதிதாய் ஆனதையும் ஒரே அசை சுட்டுவது தமிழின் அரிய நுட்பங்களில் ஒன்று.

பழைய பொருளின் முழு வீச்சை, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் காணலாம். பத்துப்பாட்டில் மிக நீண்டதான அதன் 782 அடிகளில் பெரும்பகுதி போர் வெற்றிகளையும், பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் கொண்ட நகரின் செழிப்பையுமே விரிக்கிறது. மண்ணாண்டு மறைந்த மன்னர்கள் எண்ணற்றவர் என்ற நினைவூட்டல் சில அடிகளில் முடிந்துவிடுகிறது. பிற்கால நாலடியார் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையை அடுக்கித் துறவுக்கு அழைக்கிறது. மருதனார் அந்த வழியில் போகவில்லை. முன்னோரைப் போல வேள்வியும் சான்றோர் தொடர்பும் கொண்டு விளங்குமாறு சொல்லி, பொற்கலத்தில் மகளிர் தரும் தேறலை நாள்தோறும் பருகி, விதித்த வாழ்நாளை இனிதே கழிக்குமாறு மன்னனை வாழ்த்தி முடிக்கிறார்.